பூஜையில் வைத்த நோட்டு

யூனிக்ஸ் சர்வரின் ரூட் பாஸ்வேர்டை நான் இருபத்தைந்து நிமிடத்தில் மீட்டெடுத்த கதையை எழுதித் தரும்படி செந்தில் கேட்டிருக்கிறார். ஆஸ்பத்திரியின் ஆண்டு மலருக்கு வேண்டுமாம். செந்தில் இப்போது அங்கே கம்ப்யூட்டர் பிரிவின் தலைவர். ஒரு காலத்தில் என்னிடம் வேலை பார்த்தவர். அந்தக் கதையை அவருக்குச் சொன்னதே நான்தான். புதிதாகச் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் சொல்லியிருக்கிறேன். டீ குடிக்கும்போது சொல்லியிருக்கிறேன். ஓய்வு பெற்ற அன்று மாலையும் கழுத்துமாக நின்று மைக்கிலும் சொன்னேன். கை தட்டினார்கள்.

எழுதித் தருகிறேன். ஆனால் இதுவரை சொல்லாமல் விட்ட பாதியையும் சேர்த்துத்தான் எழுதுவேன். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

மலரைப் படிக்கப் போகும் நர்சுகளும் டாக்டர்களும் குழம்ப வேண்டாம் என்பதால் ரூட் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். யூனிக்ஸ் மெஷினில் நூறு பேர் லாகின் வைத்திருக்கலாம். எதையும் திறக்க, மூட, அழிக்க உரிமை உள்ள பெயர் ஒன்றுதான். அதுதான் ரூட். அதன் பாஸ்வேர்டு தெரியாமல் போனாலும் மெஷின் பாட்டுக்கு ஓடும். கோளாறு வந்தால் மட்டும் தொட்டுச் சரி செய்ய வழியிருக்காது. குடித்தனக்காரர்கள் உள்ளே சமைத்துக்கொண்டிருக்க, வீட்டுக்காரர் சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நிற்பது மாதிரி.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கணக்கில் பட்டம் வாங்கி, தி.நகரில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் நடந்த கம்ப்யூட்டர் வகுப்பில் ஒரு வருடம் உட்கார்ந்தேன். தேனாம்பேட்டையில் ஒரு கம்பெனியில் மூன்று வருடம் கம்ப்யூட்டருக்கு டேப் மாற்றினேன். பிறகு மயிலாப்பூரில் இந்த அறக்கட்டளை ஆஸ்பத்திரியில் சேர்ந்து சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர் ஆனேன். கற்றுக்கொண்டது எல்லாம் இங்கேதான், வரதராஜன் சாரிடம்.

வரதராஜன் சார் எங்கள் சிஸ்டம்ஸ் மேனேஜர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மேஜை டிராயரைத் திறந்து பென்சில் சீவ ஆரம்பித்துவிடுவார். சீவி முடிக்கும் வரை எதிரில் நிற்க வேண்டும். அவ்வளவு நேரத்தில் நாம் செய்த தப்பு நமக்கே தெரிந்துவிடும். மூன்று பென்சில் சீவிய நாட்களும் உண்டு.

அவர் வைத்த முறைகள் எனக்கு இன்றும் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிக்க வரும். எந்தக் கோப்பைத் தொடுவதற்கு முன்னாலும் அதற்கு ஒரு நகல் எடுக்க வேண்டும். நகலின் பெயருக்குப் பின்னால் எடுத்தவரின் இனிஷியல் இருக்க வேண்டும். ரூட் பாஸ்வேர்டை மாற்றினால் ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, பழுப்புக் கவரில் போட்டு ஒட்டி, ஒட்டிய வாயின் குறுக்கே கையெழுத்துப் போட்டு, அவருடைய பீரோவில் வைக்க வேண்டும். மெஷின் ரூம் நோட்டு என்று ஒரு நீள நோட்டு இருந்தது. யார், எப்போது, எதற்காக மாற்றினார்கள் என்று அதில் ஒரு வரி எழுத வேண்டும். வெளியாள் யாருக்காவது பாஸ்வேர்டைச் சொல்ல நேர்ந்தால், அவர் வேலை முடிந்த அன்றைக்கே மாற்றிவிட வேண்டும். "நோட்டுல இல்லேன்னா அது நடக்கவே இல்லைன்னு அர்த்தம்" என்பார்.

இன்னொரு மரியாதை உண்டு. இதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஒருவர் பாஸ்வேர்டு அடிக்கும்போது பக்கத்தில் நிற்பவர் முகத்தைத் திருப்பி ஏசியைப் பார்க்க வேண்டும். மெஷின் ரூமில் வேறு பார்க்க ஒன்றும் இல்லை என்பதால் ஏசி. அடித்து முடித்தவர் "ஆச்சு" என்று சொன்ன பிறகுதான் திரும்புவோம். இதில் அன்வர் பாயை மிஞ்ச ஆள் கிடையாது. நான் என் சொந்த மெயிலைத் திறந்தால்கூட ஏசியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

அன்வர் பாய் எங்கள் சீனியர் ஆபரேட்டர். என்னைவிட இரண்டு வயது பெரியவர். திருவல்லிக்கேணியிலிருந்து சைக்கிளில் வருவார். பி.காம். படித்தவர், யூனிக்ஸைத் தானாகவே படித்தார். மெஷினோடு வந்த மேனுவல்களுக்குப் பழுப்பு அட்டை போட்டு, தினமும் சாப்பாட்டு வேளையில் நாலு பக்கம் என்று ஐந்து வருடம் படித்தார். மாதக் கடைசியில் பேக்கப் எடுக்க வேண்டியிருந்ததால் ரூட் பாஸ்வேர்டு எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். உதவி அட்மினிஸ்ட்ரேட்டர் என்று ஒரு புதிய பதவி வந்தபோது வரதராஜன் சார் அவர் பெயரைத்தான் எழுதி அனுப்பினார். உத்தரவு அந்த மாதக் கடைசியில் வருவதாக இருந்தது. எனக்கும் அதில் சந்தோஷம்தான். மனதறிந்து அவருக்கு ஒரு கெடுதலும் நினைத்ததில்லை. அப்படிப்பட்ட நான்தான் இதைச் செய்தேன்.

இது நடந்து இருபத்தோரு வருடம் ஆகிறது.

ஆயுத பூஜை அன்று விடுமுறை என்பதால் எங்கள் பிரிவில் முந்தின நாள் சாயங்காலமே பூஜை போட்டுவிடுவோம். சர்வருக்குச் சந்தனம், குங்குமம் வைப்போம். அதை நிறுத்த முடியாது, கேஷுவாலிட்டி இருக்கிறதே. அதனால் அதற்குப் பதிலாக மேனுவல்கள், பேனாக்கள், கவர் கட்டு, மெஷின் ரூம் நோட்டு எல்லாவற்றையும் சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கிப் பூப்போடுவோம். பூஜையில் வைத்ததை விஜயதசமி வரை எடுக்கக் கூடாது, அதுவரை எதுவும் எழுதவும் கூடாது. சாரே அதில் கண்டிப்பாக இருப்பார். அந்த இரண்டு நாளும் மெஷின் ரூமில் தனியாக டியூட்டி பார்ப்பது அன்வர் பாய். யாரும் அவரைக் கேட்டதில்லை. "நீங்க போய்ப் பண்டிகை கொண்டாடுங்க சார்" என்று அவராகவே வருடா வருடம் பெயர் கொடுத்துவிடுவார்.

அந்த வருடம் பூஜை நாள் பார்த்து பெருங்குடியிலிருந்து ஒரு சர்வீஸ் இன்ஜினியர் வந்து உட்கார்ந்திருந்தார். டிஸ்க் ஒன்றை மாற்றுகிற வேலை. அவருக்கு ரூட் பாஸ்வேர்டைச் சொல்லியிருந்தோம். அவர் மூட்டை கட்டியபோது மணி நாலரை தாண்டிவிட்டது. பூஜை முடிந்து சார் ஒவ்வொரு வார்டாகச் சுண்டல் அனுப்பிக்கொண்டிருந்தார். மறுநாள் டியூட்டிக்காகச் சாவி வாங்க அன்வர் பாய் வந்து என் பக்கத்தில் நின்றார்.

வெளியாளுக்குச் சொன்ன பாஸ்வேர்டு, அன்றைக்கே மாற்ற வேண்டும். நான் உட்கார்ந்தேன், அன்வர் பாய் ஏசியைப் பார்த்தார். புதிய பாஸ்வேர்டை இரண்டு தடவை அடித்தேன். "ஆச்சு பாய்" என்றேன். எழுதுவதற்காக நோட்டைத் தேடினால் அது படத்துக்கு முன்னால் பூவோடு இருக்கிறது. கவரும் அங்கேதான். பூஜையில் வைத்ததை எடுப்பதா? ஊரிலிருந்து வந்து எழுதிக்கொள்ளலாம், நம் தலையில்தானே இருக்கிறது என்று, அன்வர் பாயிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டேன். அன்றிரவு எனக்குக் கும்பகோணத்துக்குப் பஸ். தங்கை கல்யாணம். பத்து நாள் லீவு. ஆறு மணிக்கு சார் தன் கையால் மெஷின் ரூமைப் பூட்டினார்.

கல்யாண வீட்டில் பந்தல்காரன், சமையல்காரன், சம்பந்தி வீட்டார் மூன்று பேரும் சேர்ந்து என் மண்டையைக் காலி செய்து அனுப்பினார்கள். பாஸ்வேர்டை மட்டுமா மறந்தேன்? மாற்றியதையே மறந்தேன். இதை யாரும் நம்ப மாட்டார்கள். எனக்கே நம்ப முடியவில்லை, ஆனால் நடந்தது அதுதான்.

திரும்பி வந்த அன்று காலை ஒன்பதரைக்கு டிஸ்க் நிரம்பி, புற நோயாளிப் பதிவு நின்றுவிட்டது. மெஷின் தானாக எழுதிச் சேர்க்கும் பழைய லாக் கோப்புகளை அழித்தால் போதும், ஐந்து நிமிட வேலை. அதற்கு ரூட் வேண்டும். அன்வர் பாய் அடித்தார், மெஷின் ஏற்கவில்லை. நான் அடித்தேன், ஏற்கவில்லை. சார் பீரோவைத் திறந்து, கவரைக் கிழித்து, அட்டையில் இருந்ததை ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். நாங்கள் அடித்த அதே பழைய பாஸ்வேர்டுதான். நோட்டைப் புரட்டினார். ரூட்டை மாற்றியதாகப் புதிதாக எந்த வரியும் இல்லை.

வெளியே வரிசை வாசல் வரை போய்விட்டது. கிளார்க்குகள் சீட்டில் நம்பர் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சார் எங்கள் இருவரையும் தன் அறைக்கு அழைத்து டிராயரைத் திறந்தார்.

"சுந்தரம், நீங்க மாத்தினேளா?"

"இல்லை சார். மாத்தியிருந்தா நோட்டுல எழுதியிருப்பேன்" என்றேன். அந்த நிமிடம் அதை முழுக்க நம்பித்தான் சொன்னேன். எழுதாமல் எதையும் செய்கிற ஆள் நானில்லை என்று எனக்குள் ஒரு திமிர் இருந்தது.

அன்வர் பாய் தயங்கிவிட்டு, பூஜை போட்ட அன்று சாயங்காலம் நான் மாற்றியதாகத் தனக்கு ஞாபகம் என்றார். சார் சீவுவதை நிறுத்தினார்.

"நீங்க பாத்தேளா அன்வர்?"

"சத்தம் கேட்டுச்சு சார். சுந்தரம் சார் ஏதோ அடிச்சிக்கினு இருந்தாரு. நான் ஏசியப் பாத்துக்கினு இருந்தேன். பாக்கல சார்."

பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் சொல்லவில்லை. பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்கிற வழக்கம் அவரிடம் இல்லை. நானோ, அன்றைக்கு இன்ஜினியரின் லாகினை மூடினேன், சத்தம் அதுவாக இருக்கும், கல்யாண அவசரத்தில் பாஸ்வேர்டை மாற்றாமல் போயிருப்பேன் என்று அடித்துப் பேசினேன். சார் மறுபடியும் சீவ ஆரம்பித்தார். இன்ஜினியர் போன பிறகு, பாஸ்வேர்டு தெரிந்து மெஷினைத் தொடக்கூடியவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் பத்து நாள் ஊரில் இல்லை. இன்னொருவர் இரண்டு நாள் முழுக்க மெஷினோடு தனியாக இருந்திருக்கிறார். நோட்டில் ஒன்றும் இல்லை. எங்களுக்காக அவர் பார்த்த பண்டிகை டியூட்டியே அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

வெளியே வந்ததும் வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "நல்லா ரோசனை பண்ணிப் பாருங்க சார். என் ஆர்டர் வர்ற நேரம் இது." அப்போதும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. கையை உதறிவிட்டு மெஷின் ரூமுக்குள் போனேன்.

இனிமேல் வருவதுதான் செந்தில் கேட்ட கதை.

விசைப்பலகையில் இடது ஓரத்தில் ஸ்டாப் என்று ஒரு விசை உண்டு. அதையும் ஏ விசையையும் சேர்த்து அழுத்தினால் ஓடுகிற மெஷின் அப்படியே நின்று, வெள்ளைத் திரையில் 'ஓகே' என்று மட்டும் காட்டும். ஒன்றுமே ஓகே இல்லாத நேரத்தில்தான் அதைப் பார்க்க வேண்டி வரும். சிஸ்டம் சிடியைப் போட்டு, ஒருவர் மட்டும் நுழையக்கூடிய நிலையில் சிடியிலிருந்து மெஷினைக் கிளப்பினேன். அந்தக் காலத்து டிரைவ், கரகரவென்று எட்டு நிமிடம் ஓடிற்று. சிடியிலிருந்து கிளம்பிய மெஷின் பாஸ்வேர்டு கேட்காது. பழைய டிஸ்க்கைச் சோதித்து, அதை ஒரு தனி இடத்தில் இணைத்து, அதற்குள் பாஸ்வேர்டுகள் இருக்கும் ஷேடோ கோப்பைத் தேடிப் போனேன். கை பழக்கம், முதலில் ஒரு நகல் எடுத்து என் இனிஷியலைச் சேர்த்தேன். பிறகு கோப்பைத் திறந்தேன்.

அந்தக் கோப்பில் ஒவ்வொரு லாகினுக்கும் ஒரு வரி. முதலில் பெயர், அடுத்து யாராலும் படிக்க முடியாதபடி குழப்பிய பாஸ்வேர்டு, மூன்றாவதாக ஓர் ஐந்து இலக்க எண். அந்தப் பாஸ்வேர்டு கடைசியாக மாறியது என்றைக்கு என்பதை 1970 ஜனவரி ஒன்றிலிருந்து நாள் எண்ணிச் சொல்லும் எண் அது. முதல் வரியே ரூட்தான். கீழே சேர்க்கைப் பிரிவு மல்லிகாவின் வரி தெரிந்தது. பூஜை போட்ட அன்று காலையில் மல்லிகாவுக்கு நான் பாஸ்வேர்டு மாற்றிக் கொடுத்திருந்தேன். அது நோட்டிலும் இருந்தது.

இரண்டு வரியிலும் ஒரே எண்.

அப்போது எல்லாம் ஒன்றாக ஞாபகம் வந்தது. ஏசிச் சத்தம், சந்தன வாசனை, பூவுக்கு அடியில் கிடந்த நோட்டு, "ஆச்சு பாய்" என்று நான் சொன்னது. பாஸ்வேர்டு மாறியது நாங்கள் பூஜை போட்ட அன்று, விடுமுறைக்கு முந்தின நாள். அன்று அன்வர் பாய் அந்த அறையில் ஒரு நிமிடம்கூடத் தனியாக இருக்கவில்லை.

பின்னால் சார் நின்றார். அவருக்குப் பின்னால் ஆஸ்பத்திரி நிர்வாக அதிகாரி. கதவோரம் அன்வர் பாய் நின்றார். நான் பாஸ்வேர்டு வேலை செய்கிறேன் என்பதால், அவ்வளவு நடந்த பிறகும், ஏசியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். "எப்போ மாத்தினதுன்னு அதுல தெரியுமோ?"

"தெரியாது சார்" என்றேன்.

சொல்லிக்கொண்டே எக்ஸ் விசையை அழுத்தினேன். கோப்பைத் திருத்தும் அந்த எடிட்டரில் எக்ஸ் அடித்தால் ஓர் எழுத்து அழியும். குழப்பிய பாஸ்வேர்டை மட்டும் அழித்தால் போதும், அதுதான் முறை. நான் அதோடு நிறுத்தவில்லை. அந்த ஐந்து இலக்கத்தையும் ஒவ்வொன்றாக அழித்தேன். மொத்தம் ஐந்து அழுத்தல். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று சொல்வார்கள்; எனக்கு ஐந்து எழுத்துதான் மறைக்க வேண்டியிருந்தது.

மெஷின் திரும்ப எழுந்து, பழைய லாக்குகளை அழித்ததும் பதிவு ஓட ஆரம்பித்தது. வெளியே வரிசையில் நின்றவர்கள் கை தட்டினார்களாம். நிர்வாக அதிகாரி என் முதுகில் தட்டிக் கொடுத்தார். "இருபத்தஞ்சே நிமிஷம்" என்று கடிகாரத்தைக் காட்டினார். இருபத்தைந்து நிமிடக் கதை என்று இதற்குப் பெயர் வந்தது அவரால்தான்.

ஏன் சொல்லவில்லை? வேலை போய்விடும் என்ற பயமா? போயிருக்காது. சார் நாலு பென்சில் சீவியிருப்பார், அவ்வளவுதான். எழுதாமல் எதையும் செய்ய மாட்டேன் என்று அரை மணிக்கு முன்னால்தான் சாருக்கும் அன்வர் பாய்க்கும் எதிரில் மார் தட்டியிருந்தேன். அந்த வார்த்தையை விழுங்க எனக்கு மனம் வரவில்லை. நாளைக்கு சாரிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நோட்டில் எழுதுவதையும் அப்படித்தானே ஒத்திப் போட்டேன்.

மறுநாள் நான் சொல்வதற்கு முன்னால் சார் முடிவு செய்துவிட்டார். அன்வர் பாய்க்கு மெமோகூடக் கொடுக்கவில்லை. கெட்ட எண்ணத்தில் செய்திருக்க மாட்டார், கை பரபரத்து ஏதோ அடித்துவிட்டு ஒத்துக்கொள்ளப் பயப்படுகிறார் என்று சார் நினைத்தார். உதவி அட்மினிஸ்ட்ரேட்டர் பதவிக்கு எழுதிய சிபாரிசைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கொஞ்ச நாள் கீழே கேஸ் ஷீட் அறையில் இருக்கட்டும் என்றார். அன்வர் பாய் மெஷின் ரூமுக்கு வந்து டிபன் பாக்ஸையும் நாற்காலி மெத்தையையும் எடுத்துக்கொண்டார். மேனுவல்களை அடுக்கி வைத்துவிட்டு, "வரேன் சார்" என்று என்னிடம் சொல்லிக்கொண்டு போனார். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். பாவம் நின்ற இடத்தில் நின்றுகொண்டு பார்த்தேன்.

கொஞ்ச நாள் என்பது பதினாறு வருடம் ஆயிற்று. கேஸ் ஷீட் அறை அடித்தளத்தில் இருந்தது. அங்கேயும் அவர் வேலை சுத்தமாகவே இருந்தது. நம்பர் சொன்னால் இரண்டு நிமிடத்தில் ஃபைல் வரும். சார் ஓய்வு பெற்றதும் அவர் நாற்காலி எனக்கு வந்தது. ஒரு கையெழுத்தில் அன்வர் பாயை மேலே கொண்டுவந்திருக்கலாம். கொண்டுவரவில்லை. தினமும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்ற பயம்தான் காரணம். அவர் ஓய்வு பெற்ற அன்று சால்வை போர்த்தியதும் நான்தான். நேர்மைக்கு உதாரணம் என்று அவரைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினேன். அவர் கை கூப்பிக்கொண்டு கேட்டார். அன்றைக்குப் பேசிய ஒவ்வொரு வார்த்தையையும் இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. வரதராஜன் சாரிடமும் சொல்லவில்லை. அவர் காலமாகிவிட்டார்.

போன மாதம் செந்தில் போன் செய்தார். அந்தப் பழைய சர்வரை ஒருவேளை தேவைப்படுமென்று கீழேயே வைத்திருந்தார்கள். இப்போது அகற்றப் போகிறார்கள். அதற்கு முன் சில பழைய நோயாளிகளின் பதிவுகளை எடுக்க வேண்டும், ரூட் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியவில்லை, கவரும் பீரோவோடு போய்விட்டது. "உங்க வித்தையை இன்னொரு தடவை காட்டணும் சார்" என்றார்.

போனேன். சிடியைச் செந்தில் பத்திரமாக வைத்திருந்தார். ஸ்டாப், ஏ. 'ஓகே' வந்தது. அதே கரகர சத்தம். டிஸ்க்கை இணைத்து, கோப்புகளைப் பட்டியல் போட்டேன். ஷேடோ கோப்புக்குக் கீழே இன்னொன்று இருந்தது. பெயருக்குப் பின்னால் என் இனிஷியல்.

அன்றைக்குக் கை பழக்கத்தில் எடுத்த நகல் அது. ஆதாரத்தை அழித்த நான் அந்த நகலை அழிக்க மறந்திருக்கிறேன். திறந்தேன். ரூட் வரியில் அந்த எண் இருந்தது. மல்லிகாவின் வரியிலும் இருந்தது.

திரும்பிச் செந்திலைப் பார்த்தேன். அவர் முகத்தைத் திருப்பிச் சுவரில் இருந்த ஏசியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் சொல்லிக் கொடுத்த மரியாதை. மறுபடியும் அந்த மெஷினுக்கு முன்னால் நான் தனியாள். ஒரே கட்டளையில் அந்த நகல் போய்விடும். இரண்டு நாளில் மெஷினே போய்விடும். கை விசையின் மேல்தான் இருந்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

"செந்தில், திரும்பிப் பாருங்க" என்றேன். "நான் ஆச்சுன்னு சொல்லலை. இருந்தாலும் பாருங்க."

அவர் தன் லேப்டாப்பில் அந்த எண்ணைப் போட்டார். தேதி வந்தது. அந்த வருடத்து நாள்காட்டியைத் தேடினார். ஆயுத பூஜைக்கு முந்தின நாள். அன்வர் பாயின் தனி டியூட்டி அதற்கு மறுநாள்தான் தொடங்கியது என்பது அவருக்குத் தெரியும்; அந்த வருடத்துச் சங்கதியை நான்தானே நூறு தடவை சொல்லியிருக்கிறேன். அந்த இரண்டு வரிகளையும் அச்செடுத்து என் கையில் கொடுத்தார்.

அன்வர் பாய் இப்போது திருவல்லிக்கேணியில் பெரிய மசூதிக்குப் பக்கத்துச் சந்தில், முதல் மாடியில் மகனோடு இருக்கிறார். முழங்கால் வலி. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், வேண்டாம் என்றேன். டீ வந்தது. நான் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். என் முகத்தைப் பார்த்தவர், மெதுவாகத் திரும்பி, சுவரில் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தார். ஏதோ கஷ்டமானதைச் செய்யப் போகிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பழைய மரியாதை.

அவர் பக்கவாட்டு முகத்தைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணைச் சொன்னேன். சார் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் சொன்னேன். ஐந்து எழுத்தை அழித்ததைச் சொன்னேன். அவர் திரும்பவே இல்லை.

"ஆச்சா சார்?"

"ஆச்சு பாய்."

திரும்பினார். காகிதத்தை வாங்கி, கண்ணாடி போட்டு, இரண்டு எண்களையும் விரலால் தொட்டுப் பார்த்தார். அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நீங்க மறந்துட்டீங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன் சார். மறதிக்கு யார் இன்னா பண்ண முடியும்? அழிச்சீங்கன்னு தெரியாது" என்றார். காகிதத்தை மடித்துக்கொண்டே, "எங்க வீட்ல கடேசி வரைக்கும் கேட்டுக்கினே இருந்தா, இன்னா தப்பு பண்ணேன்னு கீழ தள்ளினாங்கன்னு. ஒண்ணும் பண்ணலன்னு சொன்னேன். நம்பினாளான்னு தெரியல. போய்ச் சேந்துட்டா" என்றார்.

மன்னித்துவிடுங்கள் என்று கேட்கத்தான் போயிருந்தேன். அதற்குப் பிறகு கேட்க வாய் வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுக்கிறேன், என்ன வேண்டுமோ சொல்லுங்கள் என்றேன்.

"எனக்கு இனிமே இன்னா சார் வேணும்? அந்த நோட்டுல ஒரு வரி எழுதணும்ல. அத எழுதிட்டீங்களா?"

"அந்த நோட்டு இப்போ இல்லை பாய். பழைய பேப்பரோட போட்டுட்டாங்க."

"அப்போ வேற எதுலனா எழுதுங்க. நாலு பேர் படிக்கிற மாதிரி."

காகிதத்தை அவரே வைத்துக்கொண்டார். வாசல் வரை வரவில்லை. முழங்கால் காரணம் என்று நான் நினைத்துக்கொள்ள விரும்புகிறேன்.

மலர்க் குழுவினர் இந்தக் கட்டுரையில் எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம். கீழே உள்ள வரியை மட்டும் தயவுசெய்து தொட வேண்டாம். இருபத்தோரு வருடம் தாமதமாக எழுதுகிறேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள், மாலை நாலே முக்கால். ரூட் பாஸ்வேர்டு மாற்றப்பட்டது. காரணம்: சர்வீஸ் இன்ஜினியரின் வேலை முடிந்தது. மாற்றியவர்: சுந்தரம். உடன் இருந்தவர்: அன்வர். அவர் பார்க்கவில்லை.